மூன்றும் சேர்ந்த மிஷினா, ஆர்கான் மட்டுமா?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பத்து வருடமாக கேட், கிரில், ஷெட் வேலை செய்கிறார். ராடு வெல்டிங் கைவந்திருக்கிறது. நல்ல நிலையில் ஒரு 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ராடு மிஷின் இருக்கிறது. இப்போது எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடி வேலையும் பால் சங்கங்களின் பாத்திர வேலையும் தேடி வருகின்றன. ராடு, சிஓ டூ (தானே ஓடிவரும் கம்பியை கார்பன் டை ஆக்சைடு வாயுப் போர்வையில் உருக்குவது), ஆர்கான் (டங்ஸ்டன் முனையை வைத்து ஆர்கான் வாயுப் போர்வையில் ஒட்டுவது) என்ற மூன்று வெல்டிங்கும் செய்யும் மிஷின் வாங்குவதா, ஆர்கானுக்கென்றே உள்ள மிஷின் வாங்குவதா என்பது கேள்வி. கோயம்புத்தூரில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொன்னார்களாம்.

தம்பி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆர்கானுக்கென்றே உள்ள மிஷினைத்தான் வாங்குவேன். நீங்கள் எழுதிய விவரங்களை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வேறொருவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருக்கலாம். அதனால் காரணத்தையும் விளக்கிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஆர்கான் மிஷின் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை ராடு வெல்டிங்கும் செய்யும். கம்பெனிக்காரர்கள் அதை இலவசமாகச் சேர்த்துத் தருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் தேவைப்படும் மின்சாரத்தின் குணம் ஒன்றுதான். கை சற்று ஆடினால் ராடு முனைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி கூடும், குறையும். அப்போதும் ஆம்பியர் மாறாமல் நிற்க வேண்டும். ஆர்கானிலும் இதே கதைதான். சிஓ டூ அப்படியல்ல. அங்கே கம்பி ஒரே வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். வோல்டேஜ் நிலையாக நிற்க வேண்டும், ஆம்பியர்தான் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கம்பி முனை தகட்டை நெருங்கினால் ஆம்பியர் ஏறி முனையைச் சீக்கிரம் உருக்கிவிடும், விலகினால் இறங்கிவிடும். ஆக, ராடும் ஆர்கானும் உடன்பிறப்புகள், சிஓ டூ வேறு குடும்பம். மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைப்பதை இன்வெர்ட்டர் தொழில்நுட்பம் சாத்தியமாக்கிவிட்டது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் காலத்தில் சிறு பட்டறைக்கு இது கைக்கெட்டாத பொருள்.

அப்படியானால் மூன்றும் சேர்ந்ததையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். நான் சொல்ல வந்ததே இங்கேதான் இருக்கிறது. விலை குறைந்த மூன்றும் சேர்ந்த மிஷின்களில் கம்பெனியின் கவனம் பெரும்பாலும் சிஓ டூவில்தான் இருக்கிறது. கம்பி ஓட்டும் மோட்டார், சுருள் வைக்கும் இடம், அதற்கான கட்டுப்பாடு எல்லாம் அதற்காகவே செய்யப்பட்டவை. ஆர்கானுக்கு ஒரு டார்ச்சை (கையில் பிடித்து ஒட்டும் கருவியை) இணைத்துக்கொள்ள வழி இருக்கும், அவ்வளவுதான். ஆர்கானில் வேலையின் தரத்தைத் தீர்மானிப்பது ஆர்க், அதாவது உலோகத்தை உருக்கும் மின்சுடர், எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்பது. நடுவில் ஓடும் தையல் (ஒட்டிய கோடு) எந்த மிஷினிலும் கையின் திறமைதான். தொடக்கமும் முடிவும் மிஷினின் கையில் இருக்கின்றன.

தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கான் மிஷினில் எச்.எஃப். (அதிக அதிர்வெண் பொறி) என்ற வசதி இருந்தால் டங்ஸ்டன் முனை தகட்டைத் தொடவே வேண்டாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து டார்ச் ஸ்விட்சை அழுத்தினால் சிறு பொறி தாவும், ஆர்க் பற்றிக்கொள்ளும். மூன்றும் சேர்ந்தவற்றில் பெரும்பாலும் தொட்டுத் தூக்கும் முறைதான் இருக்கும். முனையைத் தகட்டில் வைத்து மெல்லத் தூக்க வேண்டும். இது மோசமான முறை என்று சொல்ல மாட்டேன், பழகினால் நன்றாகவே வரும். ஆனால் பழகும் காலத்தில் டங்ஸ்டன் முனை தகட்டில் ஒட்டும், துணுக்கு உடைந்து தையலுக்குள் போகும். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகிய எஸ்.எஸ். குட்டையில் அது கரையாது, கல்லாகக் கிடக்கும். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் முனையை கிரைண்டரில் தீட்ட வேண்டும். கைப்பிடி வேலையில் ஒரு நாளைக்கு நூறு இடத்தில் டாக் (பிடித்துவைக்கும் சிறு பொட்டு) போடுவீர்கள். அந்த நூறு தொடக்கங்களைக் கணக்கில் வையுங்கள்.

முடிவுதான் இன்னும் முக்கியம். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். வருடங்களுக்கு முன் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்துக்காக 500 லிட்டர் தொட்டி ஒன்று செய்தேன். 304 என்ற ரக எஸ்.எஸ். தகடு, 2 மில்லிமீட்டர். என் ஆர்கான் மிஷின் பழுதுக்குப் போயிருந்ததால் நண்பரின் மூன்றும் சேர்ந்த மிஷினை வாங்கி வந்து முடித்தேன். தையல் கண்ணுக்கு அழகாக இருந்தது, தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோதும் கசியவில்லை. ஆறு வாரத்தில் தொட்டி திரும்பி வந்தது. எவ்வளவு கழுவினாலும் புளித்த வாடை போகவில்லை என்றார்கள். உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தையலும் முடியும் இடத்தில் கடுகளவு குழி. குழிக்குள் மஞ்சளாகப் பால் படிந்து காய்ந்திருந்தது. சுரண்டிவிட்டு, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தேன். குழியின் நடுவிலிருந்து மூன்று திசைக்கும் மயிரிழை போலச் சிவப்புக் கோடுகள் எழும்பி வந்தன. அப்படி ஒன்பது இடம் எண்ணினேன்.

காரணம் எளிது. அந்த மிஷினில் ஆர்க்கை நிறுத்த ஒரே வழி டார்ச்சை வெடுக்கென்று விலக்குவது. 70 ஆம்பியரில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கணத்தில் பூஜ்ஜியம். உருகிய குட்டை வெளியிலிருந்து உள்ளே உறைகிறது. உறையும்போது சுருங்குகிறது. நடுவில் நிரப்ப உலோகம் இல்லாமல் குழியும் விரிசலும் விழுகின்றன. டார்ச்சோடு சேர்ந்து ஆர்கானும் விலகிப்போவதால் சிவந்திருக்கும் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. ஆர்கான் மிஷினில் இதற்காகவே இரண்டு குமிழ்கள் இருக்கின்றன. ஒன்று டவுன் ஸ்லோப். ஸ்விட்சை விட்டதும் ஆம்பியர் இரண்டு மூன்று விநாடியில் படிப்படியாக இறங்கும், அதற்குள் ஒரு சொட்டு ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) கொடுத்துக் குழியை மூடிவிடலாம். இன்னொன்று போஸ்ட் ஃப்ளோ. ஆர்க் அணைந்த பிறகும் ஆர்கான் சில விநாடி வந்துகொண்டிருக்கும். பத்து ஆம்பியருக்கு ஒரு விநாடி என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. 60 ஆம்பியர் என்றால் ஆறு விநாடி டார்ச்சை அசைக்காமல் பிடியுங்கள். டங்ஸ்டன் முனை வெள்ளி போலப் பளபளத்தால் சரி. நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் வாயு போதவில்லை.

மூன்றும் சேர்ந்தவற்றில் பலவற்றுக்கு இந்த இரண்டும் கிடையாது. ஆர்கானைத் திறந்து மூடும் வால்வு டார்ச்சின் கழுத்தில் இருக்கும், கையால் திருக வேண்டும். அப்படி ஒரு மிஷினில் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால், முடிக்கும் இடத்தில் நின்றுவிடாமல் ஏற்கெனவே போட்ட தையலின் மேல் பத்து மில்லிமீட்டர் பின்னோக்கி வேகமாக ஓடி அங்கே விலக்குங்கள். விலக்கிய உடனே டார்ச்சை மறுபடி அந்த இடத்தின் மேல் கொண்டுவந்து பிடியுங்கள். கைப்பிடிக்கு இது போதும், பால் பாத்திரத்துக்குப் போதாது.

மூன்றும் சேர்ந்ததிலேயே எச்.எஃப்., டவுன் ஸ்லோப், போஸ்ட் ஃப்ளோ எல்லாம் உள்ள உயர்ந்த வகைகளும் இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்குக் குறையில்லை, விலைதான் வேறு. ஒரே விலை என்று கடைக்காரர் உங்களிடம் சொன்னதை வைத்துப் பார்த்தால், காட்டியது அந்த வகையாக இருக்க வாய்ப்பில்லை. விவரத்தாளில் இந்த மூன்று சொற்களையும் தேடிப் பாருங்கள்.

சிஓ டூ உங்களுக்குத் தேவையே இல்லையா என்றால், தேவை வரலாம். கேட், கிரில் வேலை நாள் முழுக்க ஓடும் பட்டறைக்கு 0.8 மில்லிமீட்டர் கம்பியில் சிஓ டூ ஓட்டுவது ராடைவிட நல்ல வேகம். கசடு தட்ட வேண்டாம், ராடு மாற்ற நிற்க வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் இரும்பும் ஒரு நாள் எஸ்.எஸ்ஸும் என்றால் மூன்றும் சேர்ந்ததையே வாங்கச் சொல்லியிருப்பேன். தனியாக வேலை செய்பவர், இடமில்லாதவர், வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பழுது பார்ப்பவர் ஆகியோருக்கும் அதுதான் சரி. உங்களிடமோ ராடு மிஷின் ஏற்கெனவே இருக்கிறது, வளர்ந்து வருவதும் எஸ்.எஸ். வேலை. இருக்கிற வசதிக்கே மறுபடி பணம் கொடுத்து, வேண்டிய வசதியை அரைகுறையாக வாங்குவானேன்?

இன்னொன்று. ஒரு பெட்டியில் ஒரு போர்டு எரிந்தால் மூன்று வேலையும் நிற்கும். ஓணத்துக்கு முந்தைய வாரம் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் அப்படித்தான் ஆயிற்று. கேட் வேலையும் நின்றது, கைப்பிடி வேலையும் நின்றது. பழுது பார்த்து வர மூன்று வாரம் ஆனது. தனித்தனியாக இரண்டு மிஷின் இருந்தால் ஒன்றாவது ஓடும்.

இரண்டு வாயு என்பதையும் மறக்க வேண்டாம். ஆர்கான் வெல்டிங்குக்குச் சுத்தமான ஆர்கான் வேண்டும். அதில் கார்பன் டை ஆக்சைடு கலந்தால் டங்ஸ்டன் முனை எரிந்து கரியாகிவிடும். அதனால் மூன்றும் சேர்ந்த மிஷின் ஒன்றுதான் என்றாலும் சிலிண்டர் இரண்டு, ரெகுலேட்டர் இரண்டு. 7 கன மீட்டர் ஆர்கான் சிலிண்டர் என்றால் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் 875 நிமிடம், அதாவது பதினான்கரை மணி நேரம் வரும். டியூப் இணைப்பில் கசிவு இருந்தால் இரவோடு இரவாகக் காலியாகும். சோப்பு நுரை தடவிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகல வாசல் அது. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று அந்த வாசலில் நெருக்கி நுழைகிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலை நட்டதற்குக் காரணமே அதுதான். ஆர்கான் முறை பிறந்ததே காற்றை விலக்கி வைக்கத்தான். 1941இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரசல் மெரிடித் என்பவர் மக்னீசியத்தை ஒட்டுவதற்காக இதை உருவாக்கினார். உருகும்போது காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் உலோகம் என்பதால் ஹீலியம் வாயுவைப் போர்வையாகப் போர்த்தினார். அந்தப் போர்வை கலைந்தால் இந்த முறையே இல்லை. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், அதாவது முகத்தில் லேசாகப் படும் அளவுக்குக் காற்று வீசினாலே போர்வை கலையத் தொடங்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். டார்ச் முனையில் உள்ள கப்பிலிருந்து வரும் ஆர்கான் எம்மாத்திரம்?

காற்று அடிக்கிறதென்று ரெகுலேட்டரைத் திறந்து 20, 25 லிட்டர் விடாதீர்கள். பலர் செய்யும் தவறு இது. வேகம் கூடினால் வாயு சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், தையல் இன்னும் மோசமாகும். டார்ச்சில் கேஸ் லென்ஸ் போடுங்கள், சல்லடை வழியாக வாயு சீராக வரும். பட்டறையின் மேற்குப் பக்கத்தைத் தகடடித்து மூடுங்கள். வேலந்தாவளம், கோபாலபுரம் என்று வீடுகளுக்குப் போய் மாடியில் கைப்பிடி பொருத்தும்போது தார்ப்பாய் ஒன்று வண்டியில் இருக்கட்டும். ஆனியிலும் ஆடியிலும் மாடி வேலையைக் காலை ஒன்பது மணிக்குள் முடிப்பது என் வழக்கம். சிஓ டூ வெல்டிங்குக்கும் இதே காற்றுத் தொல்லை உண்டு என்பதால், மூன்றும் சேர்ந்த மிஷின் வாங்கினாலும் வெளி வேலையில் உங்களைக் காப்பாற்றுவது பழைய ராடுதான்.

மின்சாரத்தைப் பற்றி. 150 ஆம்பியரில் ராடு ஓட்டும்போது மிஷின் வெளியே தரும் சக்தி சுமார் 3.9 கிலோவாட். சிஓ டூ என்றால் 3.2, ஆர்கான் என்றால் 2.4. ஆர்கானில் ஆர்க்கின் வோல்டேஜ் குறைவு, அதனால்தான் இந்த வித்தியாசம். அதுவும் 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய்க்கு 40, 50 ஆம்பியரே போதும். உங்கள் ஒற்றை ஃபேஸ் இணைப்பு ஆர்கானைத் தாராளமாகத் தாங்கும். வாங்கும் முன் மாலை ஏழு மணிக்கு, பழைய மிஷினை ஓட்டியபடியே வோல்டேஜை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 190க்குக் கீழே போனால், குறைந்த வோல்டேஜிலும் ஓடும் வகையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

டியூட்டி சைக்கிள் என்று எழுதியிருப்பதையும் கூர்ந்து படியுங்கள். 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், நான்கு நிமிடம் ஆற வேண்டும். சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60974-1இன்படி இதை 40 டிகிரி வெப்பத்தில் சோதிக்க வேண்டும். வெப்பநிலையைச் சொல்லாமல் சதவீதம் மட்டும் போட்டிருந்தால் கேளுங்கள். பாலக்காட்டு மார்ச் மாதத்துத் தகர ஷெட்டுக்குள் 40 டிகிரி என்பது சாதாரணம்.

அலுமினியத்துக்கு வருவோம். நேர் மின்சாரம் மட்டும் தரும் ஆர்கான் மிஷினில் அலுமினியம் சரிவராது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். உள்ளே தண்ணீராகிவிடும், மேலே தோல் அப்படியே நிற்கும். அந்தத் தோலைக் கிழிக்க மாறு மின்சாரம் வேண்டும். ஏசி, டிசி இரண்டும் தரும் மிஷின் விலையில் கணிசமாக ஏறும். வாளையாறு நெடுஞ்சாலையை ஒட்டிப் பட்டறை இருந்தால், லாரி இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று அலுமினியம் நிறைய வரும், வாங்கலாம். உங்கள் ஊரில் கடந்த ஆறு மாதத்தில் அலுமினிய வேலை கேட்டு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாதத்துக்கு இரண்டுக்குக் குறைவென்றால் இப்போது வேண்டாம்.

பால் பாத்திர வேலைக்கு மிஷின் மட்டும் போதாது. 304 தகட்டுக்கு 308எல் ஃபில்லர் வாங்குங்கள், 316எல் தகட்டுக்கு 316எல். தையலின் பின்பக்கமும் ஆர்கான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சர்க்கரைப் பாகு முறுகியது போலக் கறுத்துப் பொரிந்துவிடும், அதில் பால் தங்கும், கிருமி வளரும். தையலின் நிறம் இளமஞ்சள், பொன்னிறம் வரை சரி. நீலத்துக்குப் போனால் சூடு அதிகம் அல்லது வாயு குறைவு. சாம்பல் நிறம் வந்தால் அந்த இடத்தில் துரு ஏறும், பஃப் அடித்து மெருகேற்றி மறைக்காதீர்கள்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுத வேண்டும். தொட்டிக்குள் ஆர்கான் விட்டு வேலை செய்தபின் தலையை உள்ளே விட்டுப் பார்க்காதீர்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, நிறமில்லை, வாசனையில்லை. தொட்டியின் அடியில் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். இரண்டு மூச்சில் மயக்கம் வந்துவிடும், மூச்சுத் திணறுகிறது என்று உடம்பு எச்சரிக்கக்கூடச் செய்யாது. மின்விசிறி வைத்து நன்றாக ஊதி வெளியேற்றிவிட்டு, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே குனிய வேண்டும். பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

டங்ஸ்டனில் சிவப்பு முனை உள்ளது தோரியம் கலந்தது, லேசான கதிரியக்கம் உண்டு. தீட்டும் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. பொன்னிற முனையோ நீல முனையோ உள்ள லாந்தனம் வகையை வாங்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை. உங்கள் வேலைக்கு 1.6 மில்லிமீட்டர் போதும்.

பால் சங்கத்துக்குள்ளேயே போய் வேலை செய்ய நேர்ந்தால் எச்.எஃப்பை அணைத்துவிட்டுத் தொட்டுத் தூக்கும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பொறி பக்கத்தில் இருக்கும் கணினி, எலக்ட்ரானிக் தராசு, கொழுப்புச் சோதனைக் கருவி ஆகியவற்றைக் குழப்பும். நல்ல ஆர்கான் மிஷினில் இரண்டு முறைக்கும் ஸ்விட்ச் இருக்கும். வாங்கும்போது இதையும் கேளுங்கள். முறைப்படி கற்க விரும்பினால் திருச்சியில் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1975 முதல் நடக்கிறது, பயிற்சிகளும் உண்டு.

கடைக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாக ஒட்டும் 1.2 மில்லிமீட்டர் எஸ்.எஸ். குழாயில் நாலு துண்டு பையில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் தரும் தடித்த தகட்டில் எந்த மிஷினும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் துண்டில் 20 ஆம்பியரில் ஆர்க் அணையாமல் நிற்கிறதா, துள்ளாமல் தொடங்குகிறதா, டவுன் ஸ்லோப் வைத்து முடித்தால் குழி விழுகிறதா என்று பாருங்கள். பல்ஸ் வசதி (ஆம்பியர் மாறி மாறி ஏறி இறங்குவது) இருந்தால் அதையும் ஓட்டிப் பாருங்கள், மெல்லிய குழாயில் ஓட்டை விழாமல் காக்கும். பட்டறை கேரளத்தில், கடை கோயம்புத்தூரில் என்பதால் உங்கள் ஜிஎஸ்டி எண் போட்டுப் பில் வாங்குங்கள். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் வாளையாற்றைக் கடக்க இ-வே பில் வேண்டும். உத்தரவாதக் காலத்தில் பழுதானால் பாலக்காட்டிலேயே பார்க்க ஆள் உண்டா, கோயம்புத்தூருக்குத்தான் தூக்கி வர வேண்டுமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பழைய 200 ஆம்பியர் மிஷினை மாற்றாகக் கொடுத்தால் விலையைக் குறைக்கிறேன் என்று கடைக்காரர் சொல்வார். கொடுத்துவிடாதீர்கள்.